கிராங்க் வாய்க்கு ஒரு துணி

ஆனி கடைசி. குண்டடம் ரோட்டில் காற்று
கூரைத் தகரத்தை ஒரு பக்கமாய்த்
தூக்கித் தூக்கி வைக்கிறது.
பெட்ரோல் தட்டை எங்கே வைத்தாலும்
வாசம் வெல்டிங் பட்டறைப் பக்கமே போகும்.
"பொறி போடறனுங்கோ" என்று
சிக்கந்தர் அங்கிருந்து கத்துவார்.
தட்டைத் தூக்கிக்கொண்டு
காற்றுக்கு அக்கட்டால போய் நின்று
"போடுங்க" என்பேன்.
பதினோரு வருசப் பழக்கத்தில்
நாங்கள் அதிகம் பேசியது இதுதான்.

என் மோதிரம் ஆணியில் தொங்குகிறது.
காலையில் அதைக் கழற்றி மாட்டும்போது
சென்னியப்பன் வேறு பக்கம் பார்ப்பான்.
வண்டி ஸ்டாண்டில், இன்ஜின் ஓட்டத்தில்,
செயினைத் துடைத்துக்கொண்டிருந்தான் ஒருநாள்.
பல்சக்கரம் துணியை இழுத்தது,
துணி கையை இழுத்தது.
ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம்
"அரைப் பவுன், அரைப் பவுன்" என்றே
புலம்பிக்கொண்டு வந்தான்.
விரலைப் பற்றி அடுத்த நாள்தான் கேட்டான்.

துளசிமணி வண்டி சாயங்காலம் வந்தது.
பழைய டூ ஸ்ட்ரோக். பிஸ்டன் ஒட்டிப்போய்
கிக்கர் மேலே ஏறி நின்றாலும் இறங்காது.
"ஆறு மணிக்கு மில்லுல இருக்கோணுங்க,
அஞ்சரைக்குக் குடுத்துருங்க."

ஹெட்டைக் கழற்றி, பிளாக்கை உருவி,
நட்டுகளை எண்ணிக் கிண்ணத்தில் போட்டேன்.
கண்ணாடி மாட்டினேன்.
அடுத்தது துணி.
கிராங்க் வாயை அடைக்காமல்
சர்க்ளிப்பைத் தொடுவது
கிணற்று மேட்டில் நின்று
சாவிக்கொத்தைச் சுழற்றுவது மாதிரி.
அந்த நேரம் பார்த்து மாமனார் போன்.
ஆடி நோம்பிக்கு எந்த பஸ்ஸுக்கு வர்றீங்க?
ஒரு கையில் போன், மறு கையில் மூக்குப் பிளையர்.

டிக்.

ஒரே ஒரு தடவை.
சுவரில் பட்ட சத்தம் இல்லை.
தரையில் விழுந்த சத்தம் இல்லை.
கண்ணில் படவில்லை, அது கண்ணாடி புண்ணியம்.
துணி என் தோளிலேயே கிடந்தது.

கூட்டினேன். காந்தத்தைத் தரையெல்லாம் இழுத்தேன்.
சட்டையைக் கழற்றி உதறினேன்.
டார்ச்சைக் கிராங்க் வாய்க்குள் அடித்தால்
எண்ணெய் பளபளக்கிறது,
அதற்குக் கீழே இருட்டு.

டப்பாவில் புதுச் சர்க்ளிப் முப்பது கிடக்கிறது.
ஒன்றை மாட்டி மூடினால்
பத்து மணிக்கு வீட்டில் சோறு.
வண்டியும் ஓடும்.
தாராபுரம் வரைக்கும்கூட ஓடலாம்.
இல்லையென்றால்
அமராவதிப் பாலத்தின் மேல், மூன்றாம் கியரில்,
பின்னால் தேங்காய் லாரி வரும்போது
சக்கரம் இறுகி நிற்கலாம்.
யாருக்கும் தெரியாது, எதனால் என்று.
எனக்குத் தெரியும்.

சென்னியப்பனைக் கூப்பிட்டேன்.
லுங்கியோடு வந்தான். எதுவும் கேட்கவில்லை.
என் தோளில் கிடந்த துணியைப் பார்த்தான்,
புல்லரை எடுத்தான்.
கிளட்ச், மேக்னட், பதினாலு போல்ட்.
இன்ஜினை இரண்டாய்ப் பிளக்கும்போது
மணி ஒன்றே கால்.

உள்ளே எதுவும் இல்லை.
விரல் விட்டுத் தடவினோம்,
அவன் ஐந்தால், நான் ஐந்தால்.
இல்லை.

ஐந்தரைக்குத் துளசிமணி வந்தபோது
அவள் இன்ஜின் சாக்கின் மேல்
பிளந்த பலாப்பழமாய்க் கிடந்தது.
உள்ளதைச் சொன்னேன்.
"ஒரு துணி வெக்க மறந்துட்டனுங்க."
கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.
"அப்பக் கூலி பாதிதானுங்களே"
என்று விட்டு மினி பஸ்ஸுக்கு ஓடினாள்.

கேஸ்கட் வர ஒருநாள்,
பேரிங் உட்கார ஒருநாள்.
மூன்றாம் நாள் வண்டி உதைத்த உதையில் கிளம்பியது.
பாதிக் கூலியை எண்ணித்தான் கொடுத்தாள்.
அந்தச் சர்க்ளிப் இன்னும் அகப்படவில்லை.
காற்று தகரத்தைத் தட்டி எங்காவது
டிக் என்றால்
கை தானாய்த் தோளுக்குப் போகிறது.

நோம்பிக்கு ஏன் வரவில்லை என்று
மாமனார் மறுபடி போன் போட்டார்.
பிளையரைக் கீழே வைத்துவிட்டுப் பேசினேன்.
"எல்லாம் துணியாலதானுங்க மாமா."

"அட, இதுக்குப் போயா கோவம்?
எடுத்துட்டாப் போச்சுங்க மாப்பிள்ளை" என்றார்.